முகத்தின் நிறம் ஏன் சேறாகிறது?

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாலு வருஷமாக அக்ரிலிக்கில் வரைகிறேன். 19ஆம் நூற்றாண்டு பாரிஸ் ஓவியர்களைப் போல எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைய ஆசை. ஆனால் தோல் நிறம் சேறாகிவிடுகிறது. அவர்கள் எந்த எண்ணெய், எந்த வார்னிஷ் கலந்தார்கள்?"

கலவையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வடிவம், வெளிச்சம், நிறம் மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஈரத்தின் மேலேயே இன்னொரு நிறம் விழுகிறது, பிரஷ் போகப்போக எல்லாம் கலங்கிவிடுகிறது. பாரிஸ் பட்டறைகளில் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பழக்கினார்கள். முதலில் வருஷக்கணக்கில் கோட்டுப் பயிற்சி. ஷார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர், ழெரோம் என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியருடன் சேர்ந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட 197 பயிற்சித் தாள்கள் அதற்காகவே வந்தவை. வான்கோ 1880இல் ஓவியத்தில் இறங்கியபோது, தனியாக உட்கார்ந்து இந்தத் தாள்களைப் பார்த்துத்தான் கையைப் பழக்கினார்.

நீங்கள் ஒரு முட்டையில் தொடங்குங்கள். வெள்ளைத் துணியில் வைத்து, இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கு. பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு, டைட்டானியம் வைட் என்ற வெள்ளை, இந்த இரண்டு டியூப் போதும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்: முட்டையின் அடிப்பக்கம்தான் ரொம்ப இருட்டு என்று நினைத்திருப்போம், ஆனால் துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அங்கே லேசாக ஏறியிருக்கும். உண்மையான இருட்டு, வெளிச்சம் முடிந்து முட்டை வளைகிற இடத்தில் ஒரு பட்டையாக ஓடும். கன்னத்திலும் தாடையிலும் இதே பட்டைதான் ஓடுகிறது. பத்து முட்டை வரைந்தால் முகம் பாதி வந்த மாதிரி.

அப்புறம் முகம். கரியால் வரைந்து, பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் டீ டிகாக்‌ஷன் போலக் கரைத்து நிழல்களை மெல்லிசாகப் போடுங்கள், வெளிச்சத்தில் மட்டும் வெள்ளையைத் தடிப்பாக வையுங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் நிறம். வெளிச்சம், நடு நிழல், நிழல் மூன்றுக்கும் பேலட்டிலேயே நிறம் கலந்து வைத்துக்கொண்டு ஓடு பதிப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேய்ப்பது கடைசியில், அதுவும் ஓரங்களில் மட்டும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. எண்ணெய் கூடக்கூட இறுக நேரமும் கூடும். அதனால் கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போகக் கூடுதல். இதை மாற்றினால் மேலே இறுகிப்போயிருக்கும், கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும். தொடக்கத்தில் நான் எண்ணெய் நிறைய விட்ட ஐவரி பிளாக் என்ற கறுப்பின் மேல் அவசரமாக வெளிர் நிறம் போட்டேன். எட்டு மாதத்தில் வற்றின குளம் மாதிரி வெடித்துவிட்டது, மனசே ஆறவில்லை.

நீங்கள் கேட்ட பழைய கலவைகள் பலவும் இப்படித்தான் படங்களைக் கெடுத்தன. பிட்டுமன் என்ற கரும்பழுப்பு முழுசாகக் காய்வதே இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1819இல் முடித்த 'மெடூசாவின் தெப்பம்' அதனால் கறுத்து, இன்று விவரங்கள் பல இடங்களில் தெரியவில்லை. மாஸ்டிக் என்ற மரப்பிசின் வார்னிஷும் எண்ணெயும் சேர்ந்த ஜெல்லியும் மஞ்சளாகி வெடிக்கும். உங்களுக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் போதும். அன்றைய ஈய வெள்ளை விஷம், அது வேண்டாம். எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

முடிந்தால் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவின் அசல்களைப் பாருங்கள். 1868இல் அந்த ஊர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் எண்ணெய் வண்ணத்தில் வரைவதைப் பார்த்துப் பார்த்தே அவர் நிறையக் கற்றார். படத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நெற்றியிலும் நகையிலும் வண்ணம் எங்கே மேடாக எழுகிறது, நிழலில் எவ்வளவு மெல்லிசாகப் படிந்திருக்கிறது என்று பார்த்து, அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.