கடலுக்குப் போகும் நாள்களில் செபம் நின்றுபோகிறதே?

கேள்வி: சுவாமி, தங்கச்சிமடத்தில் விசைப்படகில் வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முழுக்கக் காலைத் திருப்பலிக்கும் இரவுச் செபமாலைக்கும் தவறுவதில்லை. கடலுக்குப் போகத் தொடங்கியதும் பத்தே நாளில் எல்லாம் நின்றுவிடுகிறது. விட்டுப்போன செபமாலைகளை ஞாயிறன்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களிடம் பக்தி குறையவில்லை, நீங்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்குதான் கரையில் இருப்பவருக்கு உரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களில் வீட்டிலிருந்தபடி பழகியதை, இரவெல்லாம் மடி (இழுவலை) இழுத்துவிட்டு விடியலில் கரையேறுபவர் அப்படியே தொடர இயலாது. ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு, தொழிலில் தவறாமல் வரும் வேலைகளோடு செபத்தைப் பிணைத்துக்கொள்ளுங்கள். நங்கூரம் தூக்கியதும் சிலுவை அடையாளமும் ஒரு பரலோக மந்திரமும் போதும். மடியை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் பொழுதில் செபமாலையின் ஒரு பத்து, அதாவது பத்து அருள்நிறை மந்திரங்கள். நடுக்கடலில் சிக்னலை நம்ப முடியாது என்பதால், கைப்பேசியைப் பார்த்துச் சொல்லும் செபங்களைவிட மனப்பாடமானவையே உதவும். 1542-இல் தூத்துக்குடிப் பக்கக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாரும், குருக்கள் அரிதாக இருந்த ஊர்களில், குறுகிய செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்து, பிள்ளைகள் வழியாக அவற்றை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தார்.

மூன்றாவது, வீடு திரும்பிப் படுக்குமுன் ஐந்து நிமிட ஆன்ம சோதனை. ஒன்றை மட்டுமே காப்பாற்ற முடியுமென்றால் இதைக் காப்பாற்றுங்கள் என்பேன். ஓரியூரில் 1693-இல் உயிர் கொடுத்த புனித அருளானந்தரின் இயேசு சபையினர் நாள்தோறும் கடைப்பிடிப்பது இது. முதலில் நன்றி சொல்லி, தெளிவு கேட்டு, கழிந்த நாளைத் திரும்பிப் பார்த்து, மன்னிப்பு வேண்டி, மறுநாளுக்கு ஒரு தீர்மானம் எடுப்பதே அதன் முறை. திரும்பிப் பார்க்கும்போது பொதுவாக ‘பாவம் செய்தேன்’ என்று நிறுத்திவிடாமல், பங்குக் காசு பிரித்ததில் நேர்மை இருந்ததா, வலை கிழிந்த ஆத்திரத்தில் கூட வந்த பையனை என்ன சொல்லித் திட்டினோம், கையில் வந்த பணம் வீடு வந்து சேர்ந்ததா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். (இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வீட்டில் உள்ளவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.)

விட்டுப்போன செபமாலைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம். செபமாலை விரும்பிச் செய்யும் பக்தி முயற்சி. அதை விட்டால் பாவமில்லை, பாக்கியும் இல்லை. ஞாயிறு திருப்பலி அப்படியன்று, அது கடமை. ஆனால் சனிக்கிழமை போய் ஞாயிறு காலையில் திரும்புபவர், தூக்கக் கலக்கத்தோடு காலைப் பூசையில் சாய்ந்திருப்பதைவிட, மாலைத் திருப்பலி உள்ள பக்கத்துப் பங்கு ஆலயத்துக்குப் போவது நல்லது. அதுவும் கடமையை நிறைவேற்றும். எதற்குமே வழியில்லாத வாரத்தில் குடும்பமாகச் செபிக்கும்படி திருச்சபைச் சட்டத்தின் 1248-ஆம் விதியே பரிந்துரைக்கிறது. அடிக்கடி இப்படி நேர்ந்தால் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தகுந்த காரணத்துக்காக விலக்களிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

அடுத்த தடைக்காலத்திலும் இந்த மூன்றையுமே அடித்தளமாக வைத்து, காலைத் திருப்பலியையும் முழுச் செபமாலையையும் அதன்மேல் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 15-இல் படகு ஏறும்போது கூடுதலாகச் சேர்த்தவை மட்டுமே நின்றுபோகும்.