டாலர், பவுண்டு, ரூபாய்: பழைய விகிதங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கே: 1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாய்தானே? வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை இணைத்திருக்கிறேன். (சேலம்)

இல்லை. அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

கணக்கு மிக எளிது. அன்று ரூபாய்க்கும் டாலருக்கும் நேரடி உறவு கிடையாது. ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. 1927 சட்டப்படி ஒரு ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 18 பென்ஸ். பவுண்டுக்கு 240 பென்ஸ். 240-ஐ 18-ஆல் வகுத்தால் 13.33, பழைய கணக்குப் புத்தகங்களில் ரூ. 13-5-4 என்று இருக்கும். ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். 13.33-ஐ 4.03-ஆல் வகுங்கள்: 3.31. சுதந்திரத்தன்று ஒரு டாலரின் விலை மூன்று ரூபாய் ஐந்து அணா, அவ்வளவுதான். பன்னாட்டு நிதியத்தில் பதிவான மதிப்பும் ரூபாய்க்கு 30.225 சென்ட். அதையும் திருப்பிப் போட்டால் இதே 3.31 வரும்.

“அப்போது நமக்கு வெளிநாட்டுக் கடனே இல்லை, அதனால் ஒன்றுக்கு ஒன்று” என்று ஒரு விளக்கமும் கூடவே சுற்றுகிறது. கடன் இல்லை என்பது போகட்டும், பிரிட்டன்தான் நமக்குக் கடன்பட்டிருந்தது. போர்க்காலத்தில் சேர்ந்த ஸ்டெர்லிங் இருப்பு, அதாவது பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய பவுண்டு, 1947-ல் சுமார் 116 கோடி பவுண்டு. ரூபாயில் ஏறக்குறைய 1,550 கோடி. அப்படியிருந்தும் விகிதம் 3.31-தான். கடன் இருக்கிறதா இல்லையா என்பது நிலையான விகிதத்தைத் தீர்மானிப்பதில்லை. சட்டம் தீர்மானித்தது.

இன்னும் பின்னால் போனாலும் ஒன்றுக்கு ஒன்று கிடைக்காது. 1870 வாக்கில் ரூபாய் கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங். அப்போதே டாலருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல். வெள்ளி விலை சரிந்து, 1893-ல் தனியார் கொண்டுவரும் வெள்ளிக்கு நாணயச் சாலைகளை மூடி, 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிறுத்தியபோது மூன்றுக்குச் சற்று மேல். உங்கள் பட்டியல் 1947-க்கு 1.00 போட்டு, 1948-க்கு 3.31 போடுகிறது. இடையில் எந்த மதிப்புக் குறைப்பும் நடக்கவில்லையே, எப்படித் தாவியது என்று அனுப்பியவரைக் கேளுங்கள். முதல் மதிப்புக் குறைப்பு 1949 செப்டம்பரில்தான். பவுண்டு 4.03-லிருந்து 2.80-க்கு இறங்க, ரூபாயும் சேர்ந்து இறங்கி டாலர் 4.76 ஆனது.

கே: 1966 மதிப்புக் குறைப்பு ஒரு நூலில் 36.5 சதவீதம், இன்னொன்றில் 57.5. எது சரி? (கோவை)

இரண்டும். ரூபாய் 21 சென்டிலிருந்து 13.33 சென்டுக்கு இறங்கியது 36.5. டாலர் 4.76-லிருந்து ரூ. 7.50-க்கு ஏறியது 57.5. எதை எதால் வகுத்தார்கள் என்று பார்க்காமல் சதவீதத்தை நகல் எடுக்காதீர்கள்.

கே: 1970-களில் டாலர் எவ்வளவு? (ஈரோடு)

எந்த ஆண்டு? எந்த மாதம்? பத்தாண்டுக்கு ஒரே விகிதம் கேட்டால் என்ன சொல்வது? 1971 இறுதிவரை 7.50. பிறகு பவுண்டோடு ஒட்டி ஆடியது. 1975 செப்டம்பரிலிருந்து பல நாணயங்களின் கூடையோடு கட்டினார்கள். மொத்தத்தில் சுமார் ஏழேகாலுக்கும் ஒன்பதுக்கும் இடையில். தேதியோடு திரும்ப எழுதுங்கள்.

கே: தாத்தாவின் கொழும்புக் கடை ரசீதுகள், 1965 முதல் 1968 வரை. இலங்கை ரூபாயை அப்படியே இந்திய ரூபாயாக எடுக்கலாமா? (தூத்துக்குடி)

1966 ஜூன் 5 வரை எடுக்கலாம். இரண்டும் டாலருக்கு 4.76. ஜூன் 6-லிருந்து 100 இலங்கை ரூபாய்க்கு 157.50 இந்திய ரூபாய். 1967 நவம்பரில் பவுண்டோடு இலங்கையும் 20 சதவீதம் குறைத்தது, நாம் குறைக்கவில்லை. அதன்பின் 100-க்கு 126. 1968 மே முதல் அங்கே இரட்டை விகிதம் (ஒரே நாணயத்துக்கு இரண்டு விகிதம்) வந்துவிட்டது, அந்த ரசீதுகளைத் தனியாக வையுங்கள். தேதி கிழிந்த ரசீதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கே: 1949-ல் பாகிஸ்தானும் நம்மோடு குறைத்ததா? (திருநெல்வேலி)

இல்லை. 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றானது, இந்தியா ஏற்க மறுத்தது, சணல் வணிகம் முடங்கியது. 1955-ல்தான் அவர்களும் 4.76-க்கு வந்தார்கள்.

கே: 1991-க்கு ஒரு தளத்தில் 22.7, இன்னொன்றில் 24.5. (சென்னை)

முதலாவது ஜனவரி–டிசம்பர் சராசரி, இரண்டாவது ஏப்ரல்–மார்ச் சராசரி. இரண்டுமே அந்த ஆண்டில் நடந்ததைச் சொல்லாது. ஜூலை 1, 3 தேதிகளில் இரண்டு தவணையாகக் குறைத்தார்கள்; டாலர் 21-லிருந்து 26-க்குப் போனது. ஜூன் பில்லுக்கும் ஜூலை பில்லுக்கும் ஒரே சராசரியைப் போட்டால் சுமார் 6 முதல் 17 சதவீதம் வரை பிழை.

கே: 1992 ஏற்றுமதிக் கோப்பில் ஒரே பில்லுக்கு இரண்டு விகிதம். எழுத்தர் பிழையா? (திருப்பூர்)

எழுத்தர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். 1992 மார்ச் முதல் ஓராண்டு இரட்டை விகிதம். வருமானத்தில் 40 சதவீதத்தை அரசு விகிதத்திலும் மீதி 60-ஐச் சந்தை விகிதத்திலும் மாற்றினார்கள். 26-ம் 30-ம் என்றால், 0.4 × 26 + 0.6 × 30 = 28.40. 1993 மார்ச்சில் ஒன்றாக்கிய பிறகு 31 சொச்சம்.

கே: 2024 ஜூலையில் அமெரிக்கப் பங்கின் டிவிடெண்டு வந்தது. வரிக்கு கூகுள் விகிதம் போதுமா? (ஓசூர்)

போதாது. அந்த ஆண்டுக்குப் பழைய வருமான வரிச் சட்டத்தின் கீழ் வரும் விதி 115: டிவிடெண்டு கொடுத்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளில், பாரத ஸ்டேட் வங்கியின் டி.டி. வாங்கும் விகிதம். இந்த டி.டி. டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர், டிமாண்ட் டிராஃப்ட் அல்ல. விற்கும் விகிதமோ நோட்டு விகிதமோ கூடாது. 2024 ஜூன் 30 ஞாயிறு. அதற்கு முன் விகிதம் வெளியான கடைசி நாளை எடுப்பது வழக்கம். அந்த நாளின் விகிதத் தாளையும் கோப்பில் வையுங்கள். வங்கி தினமும் புதுத் தாள் போடும். பழையதைப் பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும்.

கே: குவைத் தினார் தொடங்கியபோது எத்தனை ரூபாய்? (நாகப்பட்டினம்)

1961-ல் 13.33. தினாரைச் சரியாக ஒரு பவுண்டுக்கு வைத்தார்கள். மேலே சேலத்துக்காரருக்குப் போட்ட அதே வகுத்தல்தான்.