செந்தூல் தம்பிக்கு: ஆறு முழு முட்டைகள் குறித்து

வணக்கம் தம்பி. எடைப் பயிற்சி செய்யும் நீங்கள் நாள்தோறும் ஆறு முழு முட்டைகள் உண்பதாகவும், அப்பாவுக்கு இதய நோய் இருப்பதால் மஞ்சள் கருவை எறிந்துவிடும்படி அம்மா வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அம்மாவின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மஞ்சள் கருவை முழுவதுமாக விலக்கத் தேவையில்லை.

ஒரு பெரிய முட்டையிலுள்ள ஏறத்தாழ 6 கிராம் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. கோலின் என்ற சத்தும் வைட்டமின் டியும் அங்கேதான். 2017இல் வெளிவந்த இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வொன்றில், பயிற்சிக்குப் பின் முழு முட்டை உண்டபோது ஏற்பட்ட தசைப் புரத உருவாக்கம், அதே அளவு புரதத்தை வெள்ளைக் கருவாக மட்டும் உண்டபோது ஏற்பட்டதைவிட அதிகமாக இருந்தது.

ஆயினும் ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பதால், உங்கள் குடும்ப வரலாற்றுக்கு ஆறு அதிகம் என்றே கருதுகிறேன். ஒன்றிரண்டை முழுதாக உண்டு, மற்றவற்றில் வெள்ளைக் கருவை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை முட்டையைவிட அதிகமாக உயர்த்துவது நிறைவுற்ற கொழுப்பே என்பதால், தேங்காய்ப்பால் ஊறிய நாசி லெமாக்கையும் நெய் வழியும் ரொட்டி சானாயையும் முதலில் குறையுங்கள். இப்போதே அருகிலுள்ள அரசு கிளினிக்கில் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்து, அப்பாவின் நோயை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்துப் பாருங்கள்.