செம்பருத்தி ஏன் காய்ப்பதில்லை?

வணக்கம் அக்கா. கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். மொட்டை மாடித் தொட்டியில் செம்பருத்தி தினமும் பூக்கிறது. ஒரு காய்கூட வைத்ததில்லை. எல்லாம் வாடி உதிர்ந்துவிடுகிறது. “பூதானே காயாகும், நம்ம செடி மட்டும் ஏன் காய்க்கலை?” என்று ஏழாவது படிக்கும் மகள் கேட்கிறாள். நர்சரியில் கொடுத்த மருந்தும் அடித்துப் பார்த்தேன். செடிக்கு ஏதாவது நோயா?

- வாசகி, கொருக்குப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

மருந்தை நிறுத்திவிடுங்கள். செடிக்கு ஒன்றும் இல்லை.

மகள் சொல்வதில் ஒரு சின்னத் திருத்தம். காயாவது முழுப் பூ அல்ல, அதன் அடியில் ஒளிந்திருக்கும் சூற்பை மட்டும்தான். செம்பருத்தியில் அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சிவப்பு அல்லி இதழ்கள் ஐந்தையும் பிய்த்துவிட்டால் நடுவில் நீளமாக ஒரு குழல் நிற்கும். மகரந்தத் தாள்கள் ஒன்றாக ஒட்டி உருவான குழல் அது. மேல்பாதியில் மகரந்தப்பைகள் தொங்கும், தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டும். குழலைப் பிளேடால் மெதுவாகக் கீறுங்கள். உள்ளே நூல் மாதிரி போவது சூல்தண்டு. அதன் நுனி குழலைத் தாண்டி வெளியே வந்து ஐந்தாகப் பிரிந்து, வெல்வெட் குமிழ்களாக நிற்கும். மகரந்தத்தைப் பிடிக்கும் சூல்முடி அதுதான். நூலைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினால், பூவின் அடியில் கிண்ணம் மாதிரி இருக்கும் பச்சைப் புல்லிக்குள் சூற்பை. குறுக்கே வெட்டினால் ஐந்து அறை, ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாகச் சூல்கள்.

சூல்முடியில் விழுந்த மகரந்தம் தண்டு வழியாகக் குழாய் விட்டு இறங்கிச் சூலைச் சேர்ந்தால்தான் சூல் விதையாகும், சூற்பை காயாகும். வீட்டுச் செம்பருத்தியில் பெரும்பாலானவை கலப்பு வகைகள். பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் சரியாக ஜோடி சேராததால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. நாம்தான் கிளையை வெட்டி நட்டே பெருக்கிவிடுகிறோமே, அதற்கு விதை எதற்கு?

காயாவதைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துத் தொட்டியில் வெண்டை போடுங்கள். அதுவும் செம்பருத்திக் குடும்பம்தான். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, அதே குழல். காயை வட்டமாக நறுக்கினால் பெரும்பாலும் அதே ஐந்து அறை. (குழம்புக்கு நறுக்கும்போது தினமும் பார்க்கிறோம், கவனிப்பதில்லை.) வெண்டையில் புல்லி இதழோடு சேர்ந்தே கழன்றுவிடும். தெருவில் பூவரசு இருந்தால் அதன் காயையும் பறித்துக் கொடுங்கள்; அதே குடும்பம்தான், ஆனால் அடியில் தட்டு மாதிரி புல்லி அப்படியே ஒட்டியிருக்கும்.

அப்புறம் ஒன்று. செம்பருத்திப் புல்லிக்குக் கீழே மெல்லிய பச்சை இதழ்கள் இன்னொரு சுற்று உண்டு. புறப்புல்லி வட்டம் என்பார்கள். படம் வரையும்போது பிள்ளைகள் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டைப் பூவைக் காலையிலேயே காட்டிவிடுங்கள். பள்ளிவிட்டு வருவதற்குள் சுருங்கிவிடும்.