முதல்வர் காப்பீட்டு அட்டை: கவுண்டரில் பணம் கட்டும் முன்

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கித் தர எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் 800 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (தருமபுரி)

கொடுக்காதீர்கள். அட்டைக்குக் கட்டணமே இல்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கான வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் ஒரு சிறு தொகை வாங்குவார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனையில் அட்டையைக் காட்டினோம். "முதலில் பணம் கட்டுங்க, அப்புறம் காப்பீட்டில் திரும்ப வாங்கிக்கலாம்" என்றார்கள். நகையை அடகு வைத்துக் கட்டி ஸ்டென்ட் வைத்தோம். இப்போது "அதெல்லாம் வராது" என்கிறார்கள். (விருதுநகர்)

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நகையை இழந்தவர்கள் எத்தனை பேர்! எனக்கு வரும் கடிதங்களில் என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். இந்தத் திட்டத்தில் நீங்கள் கட்டிவிட்டுத் திரும்பப் பெறும் வழியே கிடையாது. நீங்கள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறுவதும், மருத்துவமனை தன் பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்வதும்தான் ஏற்பாடு. அதற்கு மருத்துவமனை முன்கூட்டியே ஒப்புதல் கேட்க வேண்டும். அவசர நேரத்தில் போனிலேயே ஒப்புதல் வாங்க வழி இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் காப்பீட்டுக்கென்று தனியாக ஆள் இருப்பார். "அவர் எங்கே?" என்பதுதான் கவுண்டரில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்த மருத்துவமனை திட்டத்தில் இல்லை என்றாலோ, அந்தச் சிகிச்சை பட்டியலில் இல்லை என்றாலோ அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிறகு வரும் என்று ஆசை காட்டிப் பணம் வாங்கியது அநியாயம்.

சரி, இனி செய்ய வேண்டியது. பில், ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தொலைக்காதீர்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகாரைப் பதியுங்கள். கலெக்டரிடம் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தயங்காதீர்கள், தவறு உங்களுடையது அல்ல.

கேள்வி: காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கினால் அட்டையில் கழியுமா? (கரூர்)

கழியாது.

கேள்வி: கல்யாணமாகி நான்கு ஆண்டு ஆகிறது, ரேஷன் கார்டில் மனைவி பெயரை இன்னும் சேர்க்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு ஆபரேஷன். அட்டை உடனே கிடைக்குமா? (ஆத்தூர்)

கல்யாணமாகி நான்கு ஆண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புது போன் வாங்கிய அன்றே கண்ணாடி ஒட்டுகிற நாம், மனைவி பெயரை ஒரு கார்டில் சேர்க்க நான்கு ஆண்டு எடுத்துக்கொள்வது சரியா? நாளைக் காலையிலேயே பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். அந்த ஒப்புகையோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் நிலைமையைச் சொல்லுங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும்.

கேள்வி: "அரசு அட்டை வேஸ்ட், தனியார் பாலிசி எடுங்க" என்கிறார் ஏஜென்ட். எனக்குச் சர்க்கரை உண்டு. படிவத்தில் அதை எழுத வேண்டாமாம். (திண்டுக்கல்)

அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். என் அம்மாவுக்கு இப்படி ஒருவரை நம்பித்தான் பாலிசி எடுத்தேன். "முதல் நாளிலிருந்தே எல்லாம் உண்டு" என்றார். மூட்டு வலிக்குப் போனபோதுதான் காத்திருப்புக் காலம் என்ற பக்கத்தையே காட்டினார்கள். கட்டிய பிரீமியம் போனதுதான் மிச்சம். முன்பே உள்ள நோய்க்குத் தனியார் பாலிசியில் 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். நோயை மறைத்தால் அதையே காரணம் காட்டி கிளெய்மை மறுப்பார்கள். அரசுத் திட்டத்தில் காத்திருப்பு இல்லை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வருமான வரம்புக்குள் இருப்பவர் முதலில் வாங்க வேண்டியது இந்த அட்டைதான்.

கேள்வி: முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் நாங்கள். எங்களுக்கு உண்டா? (மண்டபம்)

உண்டு. உங்களுக்கு வருமான வரம்பும் இல்லை.

கேள்வி: சாலை விபத்து நடந்தால், அட்டை கையில் இல்லாதவர் என்ன செய்வது? (செங்கல்பட்டு)

அட்டையைத் தேடி நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த வரம்பு வரை அரசே செலவை ஏற்கிறது. வருமானமும் பார்ப்பதில்லை, எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.