பைக்குக்கு எந்த என்ஜின் ஆயில்? கேட்ட கேள்விகளுக்குப் பதில்கள்

பைக் ஆயில் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம். காரில் என்ஜின் ஆயில் என்ஜினுக்கு மட்டும்தான், கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். பெரும்பாலான பைக்குகளில் அப்படி இல்லை, ஒரே ஆயில்தான் பிஸ்டனுக்கும் கியருக்கும் போய், கிளட்ச் தட்டுகளையும் நனைத்துக்கொண்டு ஓடுகிறது. கீழே நான் சொல்வதில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருவதுதான்.

கேள்வி: அண்ணா, 150 சிசி பைக் வைத்திருக்கிறேன். மேனுவலில் 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றினால் வெயிலுக்கு நல்லது, சத்தமும் குறையும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மேனுவல் சொல்வதை, தம்பி. அந்த இரண்டு எண்களும் இரண்டு தனித்தனி சோதனையில் வருபவை. டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பது. பின்னால் இருப்பது 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது. சூடானால் ஆயில் 10-இலிருந்து 30-க்குக் கெட்டியாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது தவறு. எந்த ஆயிலாக இருந்தாலும் சூடாக ஆக இளகத்தான் செய்யும், எவ்வளவு இளகுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

100 டிகிரியில் 30 கிரேடு ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும், 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. பார்த்தீர்களா, சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டி. உங்கள் என்ஜினின் ஆயில் பம்ப், பேரிங் இடைவெளி, ஆயில் போகும் சின்னச் சின்னத் துளைகள் எல்லாம் 30-ஐ மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் குறைவது உண்மைதான். ஆனால் சத்தம் குறைந்தால் தேய்மானம் குறைகிறது என்று அர்த்தம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரைக்கும் ஆயில் போய்ச் சேரக் கூடுதல் நேரம் எடுக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சில மேனுவல்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப எந்தெந்த கிரேடு போடலாம் என்று ஒரு அட்டவணையே கொடுத்திருப்பார்கள். அதில் 20டபிள்யூ-50 இருந்தால் தாராளமாகப் போடலாம். அட்டவணையில் இல்லாததைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 ஃபுல் சிந்தெடிக் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கியது, வீணாக்க மனசு இல்லை. பைக்கில் ஊற்றலாமா சார்?

வேண்டாம். உங்கள் ஆயில் தரமானதாக இருக்கலாம், ஆனால் செய்யப்பட்ட வேலை வேறு. காருக்கான லேசான கிரேடு ஆயில்களில் உராய்வைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் ரசாயனங்களைச் சேர்ப்பது வழக்கம். பைக்கின் கிளட்ச் உராய்வை நம்பித்தான் வேலையே செய்கிறது. ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கும் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கினால் என்ன ஆகும்? டாப் கியரில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. முந்திச் செல்லும் நேரத்தில் அப்படி ஆனால் ஆபத்து.

இதற்காகத்தான் ஜப்பானில் 1998-இல் நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கென்று தனியாக ஜாசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்று இருந்தால் ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்குப் போதுமான பிடிப்பு உண்டு. எம்பி என்று இருந்தால் வழுக்கல் அதிகம், அது இந்த மாதிரி கிளட்ச்சுக்கு ஆகாது. டப்பாவின் பின்பக்கம் சின்னக் கட்டத்துக்குள் இது அச்சாகியிருக்கும். முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருக்கும் விளம்பர வார்த்தைகளை விட எனக்கு அந்தச் சின்னக் கட்டம்தான் முக்கியம், நீங்களும் முதலில் அதையே தேடுங்கள்.

ஏற்கெனவே ஊற்றிவிட்டவர்கள் பதற வேண்டாம். வடித்துவிட்டு எம்ஏ ஆயில் போட்டு ஓட்டுங்கள், பெரும்பாலும் வழுக்கல் நின்றுவிடும். அதன் பிறகும் வழுக்கினால் தட்டுகளைக் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: எம்ஏ1, எம்ஏ2 என்று வேறு இருக்கிறதே?

எம்ஏ-வுக்குள் 2006-இல் வந்த உட்பிரிவுகள் அவை. எம்ஏ2-வில் பிடிப்பு அதிகம். மேனுவலில் எம்ஏ என்று மட்டும் இருந்தால் இரண்டுமே சரி. எம்ஏ2 என்று இருந்தால் எம்ஏ2 மட்டும்தான்.

கேள்வி: என் ஸ்கூட்டருக்கு பைக் ஆயில் போட்டுவிட்டார்கள். கெட்டுப் போகுமா?

கெட்டுப் போகாது மேடம். பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதே இல்லை, அதனால்தான் அதற்கு எம்பி ஆயில் சிபாரிசு செய்கிறார்கள், மைலேஜுக்காக. கிரேடு சரியாக இருந்து ஜாசோ மட்டும் எம்ஏ என்றால் மைலேஜில் சிறு வித்தியாசம் வரலாம், வேறொன்றும் ஆகாது, அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள். தலைகீழாகச் செய்வதுதான் தப்பு, அதாவது எம்பி ஆயிலைப் பைக்கில் ஊற்றுவது. பார்க்க ஸ்கூட்டர் போலவே இருந்து, காலால் கியர் போடும் வண்டிகளும் உண்டு, அவற்றுக்கு எம்ஏ தான்.

அப்புறம், ஸ்கூட்டரின் பின்சக்கரத்துப் பக்கம் தனியாக ஒரு சின்ன கியர் பெட்டி இருக்கிறது, அதற்குத் தனி ஆயில். கொஞ்சம்தான் பிடிக்கும். என்ஜின் ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தொடாமலே ஓட்டுகிறவர்கள் அதிகம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று மேனுவலில் பாருங்கள்.

கேள்வி: மினரல், செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக் மூன்றில் எது? தினமும் வேலைக்குப் போய் வரும் 100 சிசி வண்டி.

உங்கள் வண்டிக்கு மேனுவல் மினரல் போதும் என்றால் போதும். நேரத்துக்கு மாற்றிய மினரல் ஆயில், மாற்ற மறந்துபோன ஃபுல் சிந்தெடிக்கை விட நூறு மடங்கு மேல்.

இருந்தாலும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றும் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுப்பவை. மூன்றாவதும் அங்கிருந்து வருவதுதான், ஆனால் மிகக் கடுமையாகப் பதப்படுத்தப்பட்டது, பல இடங்களில் அதையும் சிந்தெடிக் என்றே விற்கிறார்கள். நான்காவது ஆய்வுக்கூட முறையில் உருவாக்கும் பிஏஓ என்ற செயற்கை எண்ணெய், ஐந்தாவதில் எஸ்டர் முதலான மற்ற எண்ணெய்கள். செமி சிந்தெடிக் என்றால் கலவை, எத்தனை சதவீதம் என்று டப்பாவை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பைக்கில் இது ஏன் முக்கியமாகிறது என்றால், கியர் பற்களுக்கு நடுவே நசுங்குவதால் ஆயிலில் கலந்திருக்கும் நீளமான பாலிமர் மூலக்கூறுகள் துண்டு துண்டாகின்றன. ஆயில் சூட்டில் ரொம்ப இளகிவிடாமல் பார்த்துக்கொள்வதே அந்தப் பாலிமர்தான். அது அறுந்துபோனால் 40 கிரேடு ஆயில் நாளடைவில் 30 போல நடக்க ஆரம்பிக்கும். ஆயில் பழசானதும் கியர் முரண்டு பிடிப்பதும், நியூட்ரல் சரியாக விழாததும் பலருக்கும் பழக்கமான அனுபவம். நல்ல சிந்தெடிக் எண்ணெய்க்குப் பாலிமரின் துணை குறைவாகவே தேவைப்படும், ஆவியாவதும் குறைவு, சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். ஆகவே ஆர்பிஎம் அதிகம் ஏறும் என்ஜின், லிக்விட் கூலிங் உள்ள பெரிய வண்டி, நீண்ட நெடுஞ்சாலைப் பயணம், இவற்றுக்கெல்லாம் சிந்தெடிக்குக்குச் செலவு செய்வது நியாயம்தான். 100 சிசி-க்கு அந்தக் காசில் நல்ல டயர் வாங்குங்கள் என்பேன்.

கேள்வி: ஏபிஐ எஸ்எல், எஸ்என் என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டாமா?

பார்க்கலாம், ஆனால் ஜாசோவுக்குப் பிறகு. ஏபிஐ என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரம். எஸ் என்றால் பெட்ரோல் என்ஜினுக்கானது, அடுத்த எழுத்து போகப் போகப் புதிய தரம்: எஸ்எல் 2001, எஸ்எம் 2004, எஸ்என் 2010, எஸ்பி 2020. மேனுவல் எஸ்எல் கேட்டால் எஸ்என் போடலாம், எஸ்என் கேட்டால் எஸ்எல் வேண்டாம். ஆனால் கிளட்ச் வழுக்குமா வழுக்காதா என்பதை இந்த எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஜாசோவை முதலில் வைக்கிறேன்.

கேள்வி: சர்வீஸ் விட்டு 500 கி.மீ. கூட ஓடவில்லை, ஆயில் கறுத்துவிட்டது. மட்ட ஆயில் ஊற்றிவிட்டார்களோ?

நிறத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். என்ஜினுக்குள் படியும் கரியைக் கழுவித் தன்னோடு மிதக்கவிடுவது ஆயிலின் வேலை. கறுக்கிறது என்றால் அந்த வேலை நடக்கிறது.

கவலைப்பட வேண்டிய நிறம் வேறு. பால் ஊற்றிய காபி போல ஆயில் மொத்தமும் வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது, வண்டியை நிறுத்திவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளைப் பிசுக்கு இருந்தால் அது பெரும்பாலும் குறைந்த தூரமே ஓட்டுவதால் படிந்த ஈரம், ஒரு நல்ல நீளமான ஓட்டத்தில் போய்விடும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்து, அளவும் ஏறியிருந்தால் பெட்ரோல் உள்ளே இறங்குகிறது, கார்புரேட்டர் வண்டிகளில் இது நடக்கும். வடித்த ஆயிலில் உலோகத் துணுக்குகள் கையில் தட்டுப்பட்டால், அதுவும் புது வண்டியின் முதல் சர்வீஸாக இல்லாவிட்டால், உடனே காட்டுங்கள்.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டியது, 200 மி.லி. கூடுதலாக ஊற்றினேன். இப்போது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் இருக்கிறது.

சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தீர்களா? சாய்ந்திருந்தால் அளவு தப்பாகத்தான் தெரியும். சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே வைக்கும்போது திருக வேண்டுமா, சும்மா வைத்து எடுக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் திருகாமல்தான் பார்க்க வேண்டும்.

அளவுக்கு மேல் போன ஆயிலை, பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைக் காக்க முடியாது. மிச்சம் என்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும், உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். மேல்கோட்டுக்குக் கீழே வரும்வரை வடித்துவிட்டு, ஃபில்டரையும் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து கடைக்குப் போய் வர மட்டும்தான் வண்டி. வருடத்துக்கு 1,500 கி.மீ. தாண்டாது. ஆயில் மாற்றத்தான் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். நெடுந்தூரம் ஓடும் வண்டியை விட உங்கள் வண்டியின் ஆயிலுக்குத்தான் கஷ்டம் அதிகம். என்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள், உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வாய்ப்பே இல்லை. மேனுவலில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் இருக்கும், எது முன்னால் வருகிறதோ அதில் மாற்றுங்கள். எப்படியிருந்தாலும் ஒரு வருடத்தைத் தாண்டவிடாதீர்கள்.

கேள்வி: பழைய வண்டி, நீலப் புகை விடுகிறது, ஆயிலும் குறைகிறது. கெட்டி ஆயில் போட்டால் சரியாகுமா?

கொஞ்ச நாளைக்கு மறையும், சரியாகாது. எப்போது புகைகிறது என்று கவனியுங்கள். இரவு நிறுத்தி வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மீது சந்தேகம், அது ஒப்பீட்டளவில் சின்ன வேலை. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கப் புகை கூடினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கலாம். வேலை பார்க்கும்வரை வாரம் ஒருமுறை அளவு பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். புகைக்கும் வண்டி ஆயில் வற்றி ஓடினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ஆயிலோடு கலக்கும் உராய்வு குறைக்கும் திரவங்கள்?

ஊற்றாதீர்கள். உராய்வைக் குறைத்தால் கிளட்ச் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: வழியில் ஆயில் குறைந்துவிட்டால் வேறு கம்பெனி ஆயிலை மேலே ஊற்றலாமா?

ஊற்றலாம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் செய்யப்படுகின்றன. கிரேடும் ஜாசோவும் பொருந்தினால் போதும். இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலை மட்டும் தொடாதீர்கள், அது பெட்ரோலோடு எரிந்து போவதற்கென்று செய்தது.

கேள்வி: முதல் முறையாக நானே ஆயில் மாற்றப் போகிறேன். எதில் தவறு வரும் அண்ணா?

ஆயில் வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டில், தம்பி. என்ஜினின் அடிப்பகுதி அலுமினியம், பலத்தைக் காட்டி இறுக்கினால் மரை போய்விடும். முதலில் கையால் திருகிப் பாருங்கள், தடையில்லாமல் போனால் மட்டும் ஸ்பேனர். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் சொன்ன அளவுக்கு. வாஷரைப் புதிதாகப் போடுங்கள். ஃபில்டர் மாற்றினால் அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தன் பள்ளத்தில் சரியாக உட்காராமல் நசுங்குகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் ஃபில்டருக்குப் பதில் கழுவி மாட்டும் வலைதான் இருக்கும்.

என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கோடு சேர்ந்து இறங்கும், கையைச் சுடும் அளவுக்குச் சூடு வேண்டாம். எவ்வளவு ஊற்றுவது என்பதற்கு மேனுவலில் பல எண்கள் இருக்கும்: வடித்து மட்டும் மாற்றினால் ஒன்று, ஃபில்டரும் மாற்றினால் ஒன்று, என்ஜினைப் பிரித்து மாட்டினால் ஒன்று. கடைசி எண்ணைப் பார்த்து ஊற்றினால் நிச்சயம் அளவு தாண்டும். ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, போல்ட்டில் கசிகிறதா பார்த்து, டிப்ஸ்டிக்கில் மறுபடி அளவு பாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல் அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.