உடம்பைப் பற்றி மட்டுமே பேசுகிறவருக்கு மனநல ஆலோசனை எப்படி?

கேள்வி: சிங்கப்பூரில் ஆலோசகராக இருக்கிறேன். மனச்சோர்வு என்று மருத்துவர் அனுப்பிய 58 வயதுச் சீனர் ஒருவர் என்னிடம் வருகிறார். தூக்கமில்லை, நெஞ்சை அடைக்கிறது என்பதைத் தாண்டிப் பேசுவதில்லை. எண்ணங்களை எழுதிவரக் கொடுத்த தாள் வெறுமையாகவே திரும்பி வருகிறது. சீனர்களுக்கென்று சிபிடியை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சுவழிச் சிகிச்சை, CBT) மாற்றித்தான் ஆகவேண்டுமா?

பதில்: ஓரளவு மாற்றுங்கள். முக்கியமாக, எதை முதலில் செய்கிறீர்கள் என்பதை.

அவர் ஒத்துழைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனாவின் சாங்ஷா நகரில் 'நரம்புத் தளர்ச்சி' என்று மருத்துவர்கள் முடிவுசெய்திருந்த 100 பேரை அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மேன் பரிசோதித்து, 1982இல் முடிவுகளை வெளியிட்டார். 87 பேருக்கு மனச்சோர்வு இருந்தது. ஆனால் அவர்கள் சிகிச்சைக்கு வந்தது பெரும்பாலும் தலைவலி, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்காக. மனநோய் என்ற பெயர் குடும்பத்துக்கே தலைகுனிவு. உடம்பு சரியில்லை என்பதில் யாருக்கும் அவமானமில்லை. நம் வீடுகளிலும் இதேதானே!

அதனால் தூக்கத்திலிருந்தே தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராமல் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்துவிடுவது, காலையில் சிறிது நடை. இதெல்லாம் ஏற்கெனவே சிபிடியில் இருப்பதுதான். முதல் ஓரிரு சந்திப்புகளிலேயே உருப்படியாக ஏதோ கிடைத்தது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். உளவியலாளர்கள் ஸ்டான்லி சூவும் நோலன் ஸேனும் 1987இலேயே இதை வலியுறுத்தினார்கள். நீங்கள் வயதில் சிறியவராக இருந்தால் இது இன்னும் அவசியம். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பித் திருப்பிக் கேட்பவரைவிட, காரணத்தை விளக்கி வழி சொல்பவரைத்தான் அவர் நம்புவார்.

அப்புறம் அந்தத் தாளை எடுத்துவிட்டு, தூக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், கூடவே 'விழித்திருந்தபோது மனதில் ஓடியது' என்று ஒரு கட்டம். கடன், மகனின் வேலை, அண்ணனோடு மனத்தாங்கல் எல்லாம் மெல்ல அதில் வந்து விழும்.

அண்ணனிடம் நேருக்கு நேர் பேசிவிடுங்கள் என்று மட்டும் பயிற்சி கொடுக்காதீர்கள். இருவரும் மதிக்கும் ஓர் அத்தையோ நண்பரோ நடுவில் பேசினால், யார் முகமும் வாடாமல் காரியம் முடியலாம். அதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை.

இப்படி மாற்றினால் பலன் உண்டா? மனச்சோர்வு இருந்த 50 சீன அமெரிக்கர்களிடம் உளவியலாளர் வெய்-சின் ஹுவாங் குழு 12 சந்திப்புகள் கொண்ட சிகிச்சையைச் சோதித்தது; 2015இல் முடிவு வெளியானது. வழக்கமான சிபிடியும் உதவியது, பண்பாட்டுக்கேற்ப மாற்றியது கூடுதலாக உதவியது. ஆனாலும் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகவில்லை. ஆகவே அளவோடு எதிர்பாருங்கள்.

சாங்ஷாவிலேயே தாவோயியம் என்ற பழைய சீனத் தத்துவத்தின் சிந்தனைகளைச் சேர்த்து ஒரு சிகிச்சைமுறை உருவாக்கியிருக்கிறார்கள். அதற்காக உடனே அந்தத் தத்துவத்தின் ஞானி லாவோட்சுவை மேற்கோள் காட்டக் கிளம்பிவிடாதீர்கள்! உங்கள் சீனர் மெதடிஸ்ட் தேவாலயத்துக்குப் போகிறவராக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் சில. நெஞ்சடைப்புக்கு இதயப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்பதைத் தனியாக வைத்து, நேரடியாகவே கேளுங்கள். இதில் சுற்றிவளைக்க வேண்டாம். சீன மருந்துக்கடையில் மூலிகை வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். மனச்சோர்வு மாத்திரையோடு அது சேருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிதான் சரளம் என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். மனைவியையோ மகளையோ அந்த இடத்தில் உட்கார வைத்தால், கடனைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.